மாசா மாசம் வந்த காய்ச்சல்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடை புதுசு. எங்க குழுவில் கணக்கு எழுதுவதோட சரி. பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். தலைவி அக்கா, "சேமிப்பைப் பத்திப் பேசு, இல்லைன்னா கடன் வசூலைப் பத்திப் பேசு"ன்னாங்க. நான், "வேற ஒண்ணு பேசணும்க்கா. ஆனா ஆம்பளைங்களும் வருவாங்களே"ன்னு இழுத்தேன். "வந்தா வரட்டும், அவங்க வீட்டுலயும் பொம்பளப் பிள்ளை இருக்குல்ல"ன்னாங்க. அந்தத் தைரியத்தில்தான் நிக்கிறேன். பேசப்போறது மாதவிலக்கைப் பத்தி. அதனால நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாம நின்னுபோறதைப் பத்தி.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். போன வருஷம் ஆவணியில் என் மக வயசுக்கு வந்தா. அப்போ எட்டாவது. சடங்கு வச்சோம். தாய்மாமன் சீர், பந்தல், பிளக்ஸ், போட்டோ ஆல்பம், பிரியாணி எல்லாம் செஞ்சோம். அதுக்காக நான் நம்ம குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கினேன். இருபது தவணை. தீர்மானப் புத்தகத்தில் காரணம் 'குடும்பச் செலவு'ன்னு என் கையாலேயே எழுதினேன். மாசம் 2,000 ரூபாயும் வட்டியும் இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன். ஊருக்கே சோறு போட்டு, எம் பொண்ணு பெரியவளாயிட்டான்னு சொன்னேன். அதுக்கப்புறம் மாசா மாசம் அவ என்ன செய்யுறா, பள்ளிக்கூடத்துல எங்க போய் மாத்துறா, அங்க தண்ணி இருக்கான்னு ஒரு நாள்கூடக் கேக்கல.

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு ஜனவரியில் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. போனேன். அவ வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினாங்க. "அம்மா, உங்க பொண்ணுக்கு மாசா மாசம் கிட்டத்தட்ட ஒரே தேதிக்குக் காய்ச்சல் வருதா?"ன்னாங்க. ஒவ்வொரு மாசமும் மூணு நாள் வரல. மூணு நாளுக்கும் லீவ் லெட்டர் இருக்கு. 'காய்ச்சல் காரணமாக'ன்னு எழுதி, கீழ கையெழுத்து என்னுது. டீச்சருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் சொல்லிக்கல. எனக்குத் தலையே நிமிரல.

அன்னைக்கு ராத்திரி மகளைப் பக்கத்தில் படுக்க வச்சுக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லம்மா. ஒரு பிள்ளை வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். தண்ணி இருக்காது. மாத்தினதைப் போட இடம் இல்ல. பேப்பர்ல சுத்திப் பைக்குள்ள வச்சுக்கணும். அதான் தண்ணியே குடிக்கிறதில்ல. அந்த மூணு நாள் போகவே பிடிக்கல." காலையில் எட்டு மணிக்குப் போற பிள்ளை சாயங்காலம் அஞ்சு மணி வரை தண்ணி குடிக்காம, ஒரே துணியோட உக்காந்திருந்தா எப்படிம்மா பாடம் ஏறும்?

நம்ம திண்டுக்கல் எதுக்குப் பேர் போனது? பூட்டுக்கு. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே குடுத்தாங்க. உலகத்துக்கே பூட்டு செஞ்சு குடுத்த மாவட்டத்தில், நம்ம பிள்ளைக போற கழிப்பறைக்கு உள் தாழ்ப்பாள் இல்ல. ஒரு கழிப்பறையில் மட்டும் பூட்டு இருந்துச்சு, வெளிப்பக்கமா. சாவி ஆபீஸ்ல இருந்துச்சு.

எனக்கு என் காலம் ஞாபகம் வந்துச்சு. நான் வயசுக்கு வந்தப்ப கொல்லைப்புறத்துல குச்சு கட்டி உக்கார வச்சாங்க. பதினாறு நாள். தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். காலாண்டுப் பரீட்சையில் மூணு பேப்பர் போச்சு. அப்போ நாப்கின் ஏது? அம்மாவோட கிழிஞ்ச சுங்குடிச் சேலைதான். அதை யாரும் பாக்காம துவைச்சு, மாட்டுக் கொட்டகைக்குள்ள, பாவாடைக்கு அடியில் மறைச்சுக் காயப்போடுவேன். வெயிலே படாது. ஈரம் காயாத துணியை மறுபடி வைப்பேன். தொடை இடுக்கெல்லாம் புண்ணாகி நடக்க முடியாது. பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டர். அந்த நாட்களில் போகவே மாட்டேன். கணக்குப் பாடம் எல்லாம் அப்படித்தான் நடுவுல நடுவுல அறுந்துபோச்சு. 2005-ல பத்தாவது பாஸ் பண்ணினேன். கணக்குல பார்டர் மார்க். "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்"ன்னு அப்பா சொன்னப்ப, எதிர்த்துப் பேச என் கையில் மார்க் இல்ல.

நம்ம அரசு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமா நாப்கின் குடுக்கிற 'புது யுகம்' திட்டத்தை ஆரம்பிச்சது 2012-ல. நான் ஏழு வருஷம் முந்திப் படிச்சு முடிச்சிட்டேன். அதனால என் அம்மா மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்ககிட்ட இருந்தது ஒரு கிழிஞ்ச சேலைதான், அதைக் குடுத்தாங்க. என் மக காலத்தில் திட்டம் இருக்கு, போன் இருக்கு, குழு இருக்கு. அப்பவும் அவ அதே மூணு நாள் வீட்டுல இருந்தான்னா, தப்பு யார் மேல?

நான் கணக்கு எழுதுறவ. அதனால உக்காந்து கணக்குப் போட்டேன். நீங்களும் சேர்ந்து போடுங்க.

மாசம் மூணு நாள். சனி, ஞாயிறு, பண்டிகை லீவு, பரீட்சை லீவு எல்லாம் கழிச்சாலும் வருஷத்துக்கு இருபது நாளாவது போகுது. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அஞ்சு வருஷம். நூறு நாள். ஒரு பள்ளி வருஷமே இருநூத்திச் சொச்சம் நாள்தான். அப்போ ஒரு பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கிறதுக்குள்ள ஏறக்குறைய பாதி வருஷப் படிப்பை இழக்குறா. இதைக் கடனா நினைச்சுப் பாருங்க. எந்தக் குழுவாவது இப்படி ஒரு வாராக்கடனைச் சும்மா விடுமா?

இன்னொரு கணக்கு. புது யுகம் திட்டத்தில் 10 வயசிலிருந்து 19 வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மூணு பாக்கெட். ஒரு பாக்கெட்டில் ஆறு. வருஷத்துக்கு 18 பாக்கெட். படிக்கிற பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும். நின்ன பிள்ளைக்குக் கிராம சுகாதார நர்ஸ், அங்கன்வாடி மூலமா கிடைக்கும். பெரிய உதவிதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மாசத்துக்குப் பிரிச்சா எத்தனை வருது? ஒன்பது. ஒரு நாளைக்கு மூணு தடவை மாத்தணும், அஞ்சு நாள்னா பதினஞ்சு வேணும். ஆறு குறையுது. அந்த ஆறை யார் வாங்கிக் குடுக்கிறது? அம்மா. அம்மா வாங்கலைன்னா பிள்ளை என்ன செய்யும்? ஒன்பதை இழுத்து இழுத்து வைக்கும். காலையில் வச்சதை ராத்திரி எடுக்கும். இல்லைன்னா வீட்டுல இருந்துக்கும். ஆறுங்கிறது ஒரே ஒரு பாக்கெட். கடையில் முப்பது நாப்பது ரூபாய். சடங்குக்கு 40,000 கடன் வாங்கின நான் இந்த நாப்பது ரூபாயை யோசிக்கவே இல்ல.

பிப்ரவரி மாசக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூலிச்சு முடிஞ்சதும் இதைச் சொன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தங்க, "இதெல்லாம் கூட்டத்துல பேசுற பேச்சா?"ன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் மூலையில் உக்காந்திருந்த ஒரு அக்கா மெதுவா ஆரம்பிச்சாங்க. அவங்க பேரை இங்க சொல்லல. அவங்க மக ஒன்பதாவதோட நின்னவ. நாங்க எல்லாரும் வறுமையாலதான் நிறுத்திட்டாங்கன்னு நினைச்சிருந்தோம். "வறுமை இல்லடி. மாசத்துக்கு நாலு நாள் போகமாட்டா. திரும்பிப் போனா ஒண்ணும் புரியல. டீச்சர் கேட்டா அழுவா. ஒரு நாள் போகவே மாட்டேன்னு உக்காந்துட்டா. மில் வேன்காரர் வந்து கேட்டார், அனுப்பிட்டேன்"ன்னாங்க.

வேடசந்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. காலையில் நம்ம ஊர் நிறுத்தத்தில் பள்ளிக்கூடம் போற பஸ்ஸும் வரும், பஞ்சாலை வேனும் வரும். ஒரே இடத்தில்தான் ரெண்டு கூட்டமும் நிக்கும். சீருடை போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நின்ன பிள்ளை, ஆறு மாசம் கழிச்சு சாப்பாட்டுத் தூக்கோட வேனுக்கு நிக்கும். மில் வேலையை நான் குறைச்சுப் பேசல. நம்ம எத்தனை வீட்டு அடுப்பு அதனால எரியுது. ஆனா படிக்க வேண்டிய வயசில், தாழ்ப்பாள் இல்லாத குறைக்காக ஒரு பிள்ளை அந்த வேன்ல ஏறக் கூடாது.

அதுக்கப்புறம் நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றேன். பெரிய சாதனை ஒண்ணும் இல்ல.

முதல்ல பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோர்கள் இருக்காங்க, சுய உதவிக் குழுப் பெண்ணுக்கும் இடம் இருக்கு. எங்க குழுவிலேயே ஒருத்தங்க அதில் உறுப்பினர். அதுவரைக்கும் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துக்கிட்டிருந்தாங்க. இந்தத் தடவை நாங்க எட்டுப் பேர் கூடவே போனோம். சண்டை போடல. கழிப்பறையைப் போய் எல்லாரும் சேர்ந்து பாத்துட்டு வரலாமான்னு மட்டும் கேட்டோம். தலைமை ஆசிரியரும் வந்தார். பாத்தபிறகு யாரும் எதுவும் வாதாட வேண்டியதா இல்ல.

தாழ்ப்பாளுக்குப் பெரிய செலவு ஆகல. எங்க உறுப்பினர் ஒருத்தங்க வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வச்சிருக்கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுட்டார், கூலி வாங்கல. கதவுக்குள்ள ஒரு கொக்கி, பை மாட்ட. மூடி போட்ட குப்பைக் கூடை, வாளி, மக் எல்லாம் குழு வாங்கிச்சு. நாப்கின் பாக்கெட்டுகள் அலமாரியில்தான் இருந்துச்சு. ஆனா ஆபீஸ்ல போய் எல்லாரும் பாக்க அதைக் கேட்க எந்தப் பிள்ளையும் போகல. இப்போ டீச்சர்கள் அறையில் ஒரு பெட்டியில் இருக்கு. கேக்காமலே எடுத்துக்கலாம்.

தண்ணிதான் கஷ்டமா இருந்துச்சு. நம்ம சீமையில் தண்ணி எப்பவும் கஷ்டம்தான். அந்தக் காலத்தில் தண்ணிக்கு அலையணும்னு திண்டுக்கல் பக்கம் பொண்ணு குடுக்கவே யோசிப்பாங்கன்னு சொல்லுவாங்க. மார்ச் 22 கிராம சபையில் மனு குடுத்தோம். நடக்கல. மே 1 கிராம சபையில் மறுபடி எழுந்து, "போன தடவை எழுதின தீர்மானத்தைப் படிங்க"ன்னு கேட்டோம். படிச்சாங்க. பள்ளி திறக்கிறதுக்கு முந்தி குழாய் இழுத்துட்டாங்க. மனு குடுத்தா மட்டும் பத்தாது, அடுத்த சபையில் அதே மனுவை ஞாபகப்படுத்தணும். நாம கடன் வசூல்ல செய்யுறதுதானே!

நடக்காததையும் சொல்லணும். நாப்கின் எரிக்கிற மெஷின் ஒண்ணு பள்ளியில் இருக்கு. ரிப்பேர். இன்னும் சரியாகல. அந்த அக்கா மக பள்ளிக்குத் திரும்பல. ரெண்டு தடவை போய்ப் பேசிட்டோம். "இனிமே சின்னப் பிள்ளைகளோட உக்கார வெக்கமா இருக்கு"ங்கிறா. தனித்தேர்வா பத்தாவது எழுதலாம்னு சொல்லிவச்சிருக்கோம். அவளை மறைச்சுட்டு நாங்க ஜெயிச்சோம்னு சொன்னா இந்தப் பேச்சே பொய்.

பள்ளிக்கூடத்தை மட்டும் குத்தம் சொல்லவும் நான் வரல. 2025 ஏப்ரல்ல கோயம்புத்தூர் மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயசுக்கு வந்த எட்டாவது படிக்கிற பிள்ளையை வகுப்புக்கு வெளிய படிக்கட்டில் உக்கார வச்சுப் பரீட்சை எழுத வச்சாங்க. அந்த வீடியோவை நம்ம எல்லார் போன்லயும் பாத்தோம். பள்ளித் தலைமை ஆசிரியையைச் சஸ்பெண்ட் பண்ணினாங்க. நாமளும் "அநியாயம்"னு சொன்னோம். ஆனா அதே வாரம் நம்ம வீட்டுல நம்ம பிள்ளை எங்க உக்காந்து சாப்பிட்டா? திண்ணையிலயா, அடுப்படிக்கு வெளியயா? 'தூரம்'னு சொல்லித் தனித் தட்டு வச்சோமா இல்லையா? வீட்டுல நாம வாசப்படிக்கு வெளிய வைக்கிற பிள்ளையைத்தான் பள்ளிக்கூடமும் வெளிய வைக்குது. எங்க வீட்டுல என் மாமியாரோட இதைப் பேசிச் சரிபண்ண எனக்கு மூணு மாசம் ஆச்சு. சாமி ரூம் பக்கம் அவங்க நம்பிக்கை, விட்டுட்டேன். ஆனா பாயில் படுக்கும், எல்லாரோடயும் சாப்பிடும், பள்ளிக்கூடம் போகும். இது மூணையும் விட்டுக்குடுக்கல.

ஆம்பளைங்களுக்கும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர்ல அருணாசலம் முருகானந்தம்னு ஒருத்தர். 1998-ல அவர் வீட்டுக்காரம்மா அழுக்குத் துணியை மறைச்சு எடுத்துட்டுப் போறதைப் பாத்து, குறைஞ்ச விலையில் நாப்கின் செய்ய மெஷின் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். ஊரே கிறுக்கன்னு பேசுச்சு. மனைவியும் அம்மாவும்கூட விட்டுட்டுப் போனாங்க. அவர் விடல. அப்புறம் மனைவியும் திரும்பி வந்தாங்க. 2016-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவர் மெஷினை வச்சு நம்மள மாதிரிக் குழுப் பெண்கள் பல மாநிலங்களில் நாப்கின் செஞ்சு பிழைக்கிறாங்க. ஒரு ஆம்பளை தன் வீட்டுப் பொம்பளையின் கஷ்டத்தைக் கண்ணால பாத்ததால நடந்தது இது. நீங்க மெஷின் கண்டுபிடிக்க வேண்டாம். கடையில் போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தாலே போதும். கருப்புக் கவர்கூட வேண்டாம்.

நம்ம மண்ணிலேயே டாக்டர் சௌந்தரம் அம்மா இருந்தாங்க. சின்ன வயசிலேயே கல்யாணம், சின்ன வயசிலேயே விதவை. அதோட மூலையில் உக்காராம டாக்டருக்குப் படிச்சாங்க. 1947-ல சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை ஆரம்பிச்சாங்க. நம்ம திண்டுக்கல்லுக்கு எம்.பி. ஆகி, மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தாங்க. வெளிய வராதேன்னு சொன்ன காலத்தில் ஒரு பொண்ணு வெளிய வந்ததால எத்தனை ஆயிரம் பொண்ணுகளுக்கு மருத்துவம் கிடைச்சுது, படிப்பு கிடைச்சுது! நம்ம பிள்ளைக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு என்ன தெரியும்?

முடிக்கிறதுக்கு முந்தி சில விஷயங்கள். இது எல்லாருக்கும் பயன்படும்.

நாப்கினோ துணியோ, நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள மாத்தச் சொல்லுங்க. கொஞ்சமா நனைஞ்சிருந்தாலும் மாத்தணும். துணி வைக்கிறது கேவலம் இல்ல. சுத்தமான பருத்தித் துணி நல்லதுதான். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயில்ல, கொடியில் எல்லாத் துணியோடயும் காயப்போடுங்க. மறைச்சுக் காயப்போடுறதில்தான் நோய் வருது. நாப்கினைக் கழிப்பறைக்குள்ள போடாதீங்க, அடைச்சுக்கும். பேப்பர்ல சுத்திக் கூடையில் போடணும். பள்ளியில் வாரா வாரம் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை முழுங்குதா, ஜன்னல் வழியா எறியுதான்னு கேளுங்க. வெறும் வயித்தில் வேண்டாம், சாப்பிட்டுப் போடணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ, ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, எழுந்திரிக்க முடியாம வலிச்சாலோ, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லி விட்டுடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சந்தேகம் கேக்க 104-க்கு போன் போடலாம். வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே, பத்து வயசிலேயே சொல்லிக் குடுத்துடுங்க. நான் சொல்லாததால என் மக முதல் நாள் தனக்கு ஏதோ அடிபட்டுடுச்சுன்னு பயந்து அழுதா.

இப்போ கூட்டமைப்புகிட்ட ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதி முடிச்சபிறகு, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்து எழுதணும்: 'நம் குழு வீடுகளில் படிக்கும் பெண் பிள்ளைகள் இத்தனை பேர். இந்த மாதம் பள்ளிக்குப் போகாத நாட்கள் இத்தனை.' அவ்வளவுதான். பிள்ளை பேர் எழுத வேண்டாம், காரணமும் எழுத வேண்டாம். எண் மட்டும் போதும். அந்த எண் கூடினா, மறுநாள் ரெண்டு பேர் பள்ளிக்கூடம் போய்த் தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதா, கூடை இருக்கான்னு பாத்துட்டு வரணும். எங்க குழுவில் ஜூன் மாசத்திலிருந்து எழுதுறோம். எங்க குழு வீடுகளில் படிக்கிற பெண் பிள்ளைகள் பதினொரு பேர். போன மாசம் போகாத நாள் மொத்தமே நாலு. அதில் என் மக நாள் ஒண்ணுகூட இல்ல. இப்போ ஒன்பதாவது. இந்த வருஷம் அவளுக்கு நான் இன்னும் ஒரு காய்ச்சல் லெட்டரும் எழுதல.

கடன் பாக்கி 12 தவணை இருக்கு. அதையும் கட்டிடுவேன்.